எழுபத்தொரு பேரையும் எண்ணியவர்

ஐஸ்காரம்மாவின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் அகலம் தாழ்ந்திருக்கும். பத்தொன்பதாவது வயதில் ஐஸ் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் சொல்லப்போகும் சமயத்தில் அவருக்கு நாற்பத்தெட்டு. விடியற்காலை நாலரைக்குத் தகரக் கதவைத் தூக்கிவிட்டு, ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து நொறுக்கும் இயந்திரத்தின் வாயில் தள்ளுவார். கீழே கொட்டும் தூளை மண்வாரியால் அள்ளி, வரிசையில் நிற்கும் மீன்காரப் பெண்களின் பாத்திரங்களில் போடுவார். ஆளுக்கு மூன்று வீச்சு. நாலாவது கேட்பவர்களிடம், "குளிரு மீனுக்கா, உனக்கா?" என்பார். கேட்டவள் சிரித்துவிட்டால் நாலாவதும் விழும். சிரிக்காதவளுக்கும் விழும், கொஞ்சம் தாமதமாக.

கொட்டகைக்கு எதிரே படகுத்துறை அலுவலகம். அங்கே நான் முப்பத்தோரு வருடம் பதிவெழுத்தராக இருந்தேன். என் ஜன்னலுக்கும் அவர் கதவுக்கும் இருபத்திரண்டு அடி. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி நான் கண்ணால் பார்த்தது. மற்றது அவரே சொன்னது.

அவர் வீடு கரைத் தெருவில், கடல் தடுப்புச் சுவரை ஒட்டிய முப்பத்தேழு வீடுகளில் பதினாலாவது. ஒரே அறை, பின்னால் தகரம் சாய்த்த சமையல் இடம். கணவர் படகில் இன்ஜின் பார்ப்பவர். எல்லாருக்கும் அவர் இன்ஜின்காரர். மகனும் கொழுந்தனாரும் அதே படகில் வலை இழுப்பவர்கள். மூவரும் கடலுக்குப் போனால் பத்துப் பதினோரு நாள் கழித்துத்தான் கரை. அதுவரை வீட்டில் ஐஸ்காரம்மாவும் அவர் மாமியாரும். மூவரும் திரும்பிய நாட்களில் ஐந்து பேரும் அந்த ஒரே அறையில் எப்படிப் படுக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"தீப்பெட்டியில குச்சி எப்படிப் படுக்குது? அப்படித்தான் சார். ஒருத்தர் திரும்பணும்னா எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரும்பணும்."

அந்தத் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. படகு கடலில் இருக்கும்வரை அதில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லலாம், அவர்களை நினைத்து அழலாம், திட்டவும் செய்யலாம்; எத்தனை பேர் என்று மட்டும் சொல்லக் கூடாது. எண்ணினால் ஒன்று குறையும் என்று பயம். இதை யார் தொடங்கியது, எப்போது என்று பலரிடம் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், புறப்பட்ட படகுக்கு நேரே பெயர்களை எழுதி, கூட்டுத்தொகைக் கட்டத்தில் ஒன்பது என்று போட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு பெயர்களைப் புறப்படும்போதும் கூட்டுத்தொகையைத் திரும்பிய பிறகும் எழுதினேன். தணிக்கைக்கு வந்தவர்கள் ஏன் கட்டம் காலி என்று கேட்டால், இன்னும் கூட்டவில்லை என்பேன். அது பொய்யும் இல்லை.

ஒரு கோடையில், கடலோர மக்களின் குடும்ப அமைப்பையும் வழக்கங்களையும் ஆராய்வதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்தது. ஒரு பேராசிரியை, கூட இரண்டு மாணவிகள். வீடு வீடாக அழைத்துப் போக ஆள் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். எந்த வீட்டுக் கதவும் ஐஸ்காரம்மாவுக்குத் திறக்கும் என்பதால் அவரைக் காட்டினேன். அவரைக் காட்டியது நான்தான் என்பதை அவர் பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. இரண்டு வாரம் என்று ஆரம்பித்த வேலை ஆறு வாரம் இழுத்தது. காலை ஒன்பதரை வரை ஐஸ். அப்புறம் ஈரக்காலோடு வாசல் வாசலாக ஏறி இறங்குவது.

பேராசிரியை நல்ல மனுஷி. கேள்விகள்தான் நீளம். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும், சண்டை வந்தால் யார் தீர்த்துவைப்பது, குழந்தைக்கு யார் பெயர் வைப்பது என்று நாற்பத்திரண்டு கேள்விகள்.

"சமைச்சதை முதல்ல யாரு சாப்பிடுவாங்க?" என்று தெருவில் வலை தைப்பவள் ஒருத்தியிடம் கேட்டார்.

"பசிக்கிறவங்க."

"இல்லம்மா, வழக்கமா யாரு?"

"வழக்கமா பசிக்கிறவங்க."

ஐஸ்காரம்மா கதவில் சாய்ந்தபடி, "எழுதிக்கங்கம்மா, உண்மையைத்தான் சொல்றா," என்றாராம்.

கரைத் தெருவில் அவர்கள் கேள்வி கேட்ட ஒன்பது நாளும் படகுகள் கடலில் இருந்தன. வீட்டில் எத்தனை பேர் என்பதற்குப் பெண்கள் கரையில் இருந்தவர்களைச் சொன்னார்கள். கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. அதற்கு எந்த வீட்டிலும் பதில் இல்லை. பதினாலாவது வீட்டில் ஐஸ்காரம்மாவும், "ரெண்டு பேரு," என்று முதல் கேள்விக்குச் சொல்லிவிட்டு, இரண்டாவதற்கு, "வந்துடுவாங்க," என்று மட்டும் சொன்னார். மாணவி அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். முப்பத்தேழு வீட்டுக்கும் முப்பத்தேழு கோடு.

"கோடு போடறாங்களே, பின்னாடி வந்து கேட்டு நிரப்பிப்பாங்கன்னு நினைச்சேன் சார்," என்றார் பின்னொரு நாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அட்டவணை தயாரித்தவர்கள் நகரத்தில் இருந்தவர்கள். கோட்டைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எட்டு மாதம் கழித்து அறிக்கையின் பிரதி ஒன்று என் அலுவலகத்துக்கு வந்தது. கரைத் தெருவின் மக்கள்தொகை தொண்ணூற்றாறு. வயது வந்த ஆண்கள் ஏறக்குறைய இல்லை. குடும்பங்கள் பெண்களின் தலைமையிலேயே இயங்குகின்றன என்று ஓர் அத்தியாயமே இருந்தது. துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"அப்போ நாம யாரு சித்தப்பா?" என்றான் இன்ஜின்காரரின் மகன்.

"பேய்தான். அதான் அண்ணி நம்மளைக் கண்டாலே கதவைச் சாத்தறாங்க."

"நீங்க குளிக்காம வந்தா சாத்தாம என்ன பண்ணுவாங்க," என்றார் இன்ஜின்காரர். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், திருத்தம் எழுதி அனுப்பவில்லை. என் முப்பத்தோரு வருட வேலையில் நான் செய்யாமல் விட்ட வேலைகளில் அது ஒன்று.

நாலு மாதம் கழித்துச் சிரிப்பு நின்றது. தடுப்புச் சுவர் அரித்துப்போனதால் கரைத் தெருவைக் காலி செய்து, மேட்டில் அடுக்குவீடுகள் கட்டித் தருவதாக அரசு முடிவு செய்தது. வேறு கணக்கு எதுவும் கையில் இல்லாததால் ஆய்வின் எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேருக்குக் குறைந்த குடும்பத்துக்கு ஓர் அறை, மற்றவர்களுக்கு இரண்டு அறை. செவ்வாய்க்கிழமை காலை ஐஸ் கொட்டகையின் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். முப்பத்தேழில் இருபத்திரண்டு வீட்டுக்கு ஓர் அறை. பதினாலாவது வீடு: நபர்கள் இரண்டு, அறை ஒன்று.

திருத்தம் வேண்டுமென்றால், வீட்டுக்கு எத்தனை பேர், கடலில் எத்தனை பேர், மொத்தம் எத்தனை என்று எழுதி, அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவர் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். தெரு ஆண்கள் போகும் எட்டுப் படகும் முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் புறப்பட்டிருந்தன. மிக விரைவாக வந்தாலும் அடுத்த புதன்.

ஒதுக்கீட்டு அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

"சனிக்கிழமை வரைபடம் கட்டறவங்களுக்குப் போயிடுது சார். எனக்கு ஒரு எண்ணும் ஒரு கையெழுத்தும் போதும். அதுக்கு எதுக்கு ஒரு வாரம்?"

"நான் கையெழுத்துப் போடறேன். பதிவேடு என்கிட்டதான் இருக்கு."

"நீங்க அந்தத் தெருவா?"

நான் அந்தத் தெரு இல்லை. துறையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்தேன். என் வீட்டிலிருந்து யாரும் கடலுக்குப் போனதில்லை.

புதன்கிழமை காலை ஐஸ் வரிசை கலைந்து கூட்டமாக நின்றது. ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"நீ போடு கையெழுத்து. உனக்குத்தான் எழுத்து அழகு."

"அழகா இருந்தா? என் வீட்டுக்காரரு போன தடவையே பிழைச்சு வந்தது பெரும்பாடு. நான் மாட்டேன்."

"அடுத்த புதன் வந்துடுவாங்கல்ல, அப்புறம் சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள உனக்கு ஒரு ரூமைக் கட்டிப் பூட்டே போட்டுடுவாங்கடி."

"அந்த அம்மாங்களை வீடு வீடா கூட்டிட்டு வந்தது யாரு?"

கடைசியாகப் பேசியவள் மெதுவாகத்தான் பேசினாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. ஐஸ்காரம்மா மண்வாரியை நிறுத்தவில்லை. எதிரில் இருந்த பாத்திரத்தில் மூன்று வீச்சு போட்டு, "அடுத்தது," என்றார்.

வியாழன் பிற்பகல் மூன்று பத்துக்கு அவர் என் அலுவலகத்துக்குள் வந்தார். அதுவரை ஜன்னலோடு பேசிவிட்டுப் போய்விடுவாரே தவிர உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கை விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"சார், அந்த நோட்டை எடுங்க. நீங்க பேரைப் படிங்க, நான் எண்ணிக்கறேன்."

"வேண்டாம்மா. நானே எண்ணி ஒரு தாள்ல எழுதித் தரேன். நீங்க பார்க்காம கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"பார்க்காம போட்டா மட்டும்? ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதான் விழும். அது என் வாயால எண்ணினதாவே இருக்கட்டும். அரைகுறை எதுக்கு?"

"உங்க வீட்டு ஆளுங்களும் அதுல இருக்காங்க."

"தெரியும் சார். மூணு பேரும் ஒரே படகு. யாராவது ஒருத்தி எண்ணித்தானே ஆகணும். கூட்டிட்டுப் போனவ நான். ஒவ்வொரு வீட்டுலயும் கோடு போடறப்ப பக்கத்துல நின்னவ நான். இருபத்திரண்டு வீடும் இன்னொரு தலைமுறைக்கு, எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் திரும்பிப் படுக்கணுமா?"

நான் படித்தேன். அவர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஐந்து படகுகள் முடிந்தபோது நாற்பத்துநாலு. ஆறாவது படகு அவர் வீட்டுப் படகு. முதல் பெயர் இன்ஜின்காரருடையது. படித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"இருங்க சார். கொஞ்சம் தண்ணி குடுங்க."

குடித்தார். டம்ளரைத் தரையில் வைத்தார். அதன்பிறகு சத்தமாகவே எண்ணினார்: "நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு. நாப்பத்தேழு." மிச்சத்தை நான் சற்று வேகமாகப் படித்தேன். எழுபத்தொன்று.

எந்த ஆள் எந்த வீடு என்று அவர் சொல்லச் சொல்ல வீட்டுவாரியாக எழுதினேன். ஓர் இடத்திலும் அவர் தயங்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பேருந்து மாறி, மாலை நாலு இருபதுக்கு ஒதுக்கீட்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். சான்றுக்குப் பதிவேட்டை நான் எடுத்துப் போயிருந்தேன். அதிகாரி தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "மொத்தம் சொல்லுங்கம்மா," என்றார்.

"நூத்தி அறுபத்தேழு."

"அதுல கடல்ல இருக்கறவங்க?"

தாளிலேயே இருந்தது. அவர் அதைப் படித்தே தெரிந்துகொண்டிருக்கலாம்.

"எழுபத்தொண்ணு," என்றார் ஐஸ்காரம்மா.

"இதை அப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லையேம்மா."

"ஆமா சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் திரும்பும் முன்பே தெருவுக்குச் செய்தி போயிருந்தது. எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து மாமியார் மருமகளோடு பேசவில்லை. கடலில் இருந்தவர்களில் இரண்டு பேர் அவர் பெற்ற பிள்ளைகள், ஒருவன் பேரன்; அவர் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. "எல்லாம் சைகைதான் சார்," என்றார் ஐஸ்காரம்மா. "உப்பு வேணும்னா டப்பாவைத் தட்டுவாங்க. கதவைச் சாத்தணும்னா இருமுவாங்க." ஐஸ் வரிசையிலும் பேச்சு இல்லை. பெண்கள் பாத்திரத்தை நீட்டினார்கள், மூன்று வீச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். நாலாவது வீச்சை ஒருத்தியும் கேட்கவில்லை.

புதன்கிழமை நாலு படகு வந்தது. வியாழன் நண்பகலுக்குள் இன்னும் மூன்று. பட்டியலில் ஆறாவதாக இருந்த படகு வரவில்லை. வியாழன் மாலையும் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. பெண்கள் கடலைப் பார்ப்பார்கள், ஐஸ் கொட்டகையைப் பார்ப்பார்கள், பிறகு தரையைப் பார்ப்பார்கள். ஐஸ்காரம்மா நாலரைக்குக் கதவைத் தூக்கினார், ஒன்பதரைக்கு இறக்கினார். வெள்ளி மாலை ஜன்னலருகே வந்து, "வந்த நேரம் ஏதாவது எழுதினீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லம்மா," என்றேன். "எழுதினா ஒரு குரல் குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை பதினொன்று இருபத்தைந்துக்கு எழுதினேன். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் வெடித்து, இன்ஜின்காரர் அதை ரப்பரால் இறுக்கிக் கட்டி, நடக்கிற வேகத்தில் படகைக் கொண்டுவந்திருந்தார். ஒன்பது பேரும் நின்ற நிலையில் தெரிந்தார்கள். குரல் கொடுத்தேன். ஐஸ்காரம்மா கையில் கொக்கியோடேயே வந்து நின்றார். மாமியார் அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மூன்று பேரும் கரையில் இறங்கியதும் மாமியார் மருமகளின் பக்கம் திரும்பாமலே, "இப்போ எண்ணு," என்றார். எட்டு நாளில் அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

"நீங்களே எண்ணுங்க அத்தை. எனக்கு ஐஸ் உருகுது," என்று சொல்லிவிட்டு இவர் திரும்பி நடந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன், வியர்வையாகவும் இருக்கலாம்.

இன்ஜின்காரர் பின்னாலேயே கொட்டகைக்குப் போனார். "எல்லாம் கேள்விப்பட்டேன். என்னையும் சேர்த்தா எண்ணினே?"

"உங்களை விட்டிருந்தாலும் ரெண்டு ரூம் கிடைச்சிருக்கும். பாவமேன்னு சேர்த்தேன்."

இருபத்திரண்டு வீட்டில் பத்தொன்பதுக்கு இரண்டு அறை என்று திருத்திய பட்டியல் வந்தது. மிச்சம் மூன்றில் உண்மையிலேயே இரண்டிரண்டு பேர்தான். யாரும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் அந்த எண்ணிக்கையில் தனக்கும் பங்கு வந்துவிடும் என்று பயந்திருப்பார்கள். புது வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம், ஐஸ் வரிசை கலைந்த பிறகு வலை தைப்பவள் மட்டும் நின்றாள். கையில் ஒரு படிவம்.

"அக்கா, பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க. குடும்பத்துல எத்தனை பேருன்னு. அவரு முந்தாநாள்தான் போயிருக்காரு."

"அதுக்கு?"

"நீதான் ஏற்கெனவே எண்ணிட்டியே. உனக்கு ஒண்ணும் ஆகலையே. இதுலயும் ஒரு எண் போட்டுக் குடேன்."

ஐஸ்காரம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தார். "பேனாவாவது கொண்டாந்தியா?"

அப்படி ஆரம்பித்தது. பள்ளி, மருத்துவமனை, வாக்காளர் பட்டியல், காப்பீடு என்று எந்தப் படிவம் வந்தாலும் ஆண்கள் கடலில் இருந்தால் அது ஐஸ்காரம்மாவிடம் வரும். வேலை முடிந்து, என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணை எழுதுவார். எழுதிய ஒவ்வொன்றுக்கும் அந்தப் படகு திரும்பியதா என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அவருக்கு நிம்மதி இல்லை என்பதை அந்தப் பெண்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

நாலாவது வருடம், பெரிய அலையில் ஒரு படகின் தளத்திலிருந்து ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. அந்தப் படகு புறப்பட்ட வாரம் ஐஸ்காரம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். துக்க வீட்டில் யாரோ சொன்னார்கள்: "அந்தப் படகை அக்கா எண்ணலை." அடுத்த நாள் அடுக்குவீடு முழுவதும் அதையே சொன்னது. நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த நாலு வருடத்தில் எட்டுப் படகும் சேர்ந்து எண்ணூற்று அறுபத்திரண்டு முறை கடலுக்குப் போயிருந்தன. அவர் எண்ணியது அறுபத்து மூன்று. மற்றவை எண்ணாமலேதான் திரும்பின. நாலு பேரிடம் இதை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அதன்பிறகு எந்தப் படகும் அவர் எண்ணாமல் கிளம்புவதில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள், யாராவது ஒருத்தி கொட்டகை வாசலில் வந்து நிற்பாள். இவர் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, துறையின் விளிம்புக்குப் போவார். அவர் குரல் என் ஜன்னல்வரை கேட்கும். அந்த வருடம் அவர் இடுப்பு வலிக்கு மருத்துவர் படுக்கச் சொன்ன மூன்று வாரமும் படகுக்காரர்களே நாற்காலி கொண்டுபோய் அவரைத் தூக்கி வந்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற மாதம் அவரிடம், "உங்களுக்கு அப்புறம் யாரு?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டுப் பார்த்துட்டேன் சார். முன்னாடி எண்ணினா ஆகாதுன்னாங்க, இப்போ எண்ணாட்டி ஆகாதுங்கறாங்க. ஆனா அவங்கவங்க எண்ணினா என்னன்னு கேட்டா மட்டும், நீதான் இருக்கியே அக்காங்கறாங்க."

வெளியே படகு ஒன்று இரண்டு முறை ஊதியது. "வரேன், வரேன்," என்று அவர் சத்தம் போட்டார். எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.